நீளமாக இருந்த அந்தச் சொல்

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. தும்பை விட்ட நேரத்தில் அவன் கை எதைச் செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆமையின் கை அப்போது ஒற்றை விரலால் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஆமை என்பது கண்ணாடிப் பட்டறையில் அவனுக்கு விழுந்த பெயர். அதற்கு முன்னால் இருபது வருடம் அவன் அங்கே ஷீட் தூக்கினான். ஆளைவிட உயரமான கண்ணாடி ஷீட்டை ஒருவனால் தூக்க முடியாது. இருவர் வேண்டும். ஒருவன் முன்னோக்கி நடந்தால் மற்றவன் பின்னோக்கியே நடந்து வர வேண்டும். மறுமுனையில் எப்போதும் நெட்டைதான் இருப்பான். வழியில் பேச்சே கிடையாது. ஒருவன் மூச்சு இழுப்பதை வைத்து மற்றவன் திரும்புவான், ஒருவன் பாதம் தயங்கினால் மற்றவன் நிற்பான். இருபது வருடத்தில் அவர்கள் இருவர் கையிலும் ஒரு ஷீட் உடைந்ததில்லை.

பிறகு இவன் இடுப்பு போயிற்று. நெட்டையைக் கட்டடங்களில் கண்ணாடி பதிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். இவனை மூன்றாம் வெட்டு மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே தூக்க எதுவும் இல்லை, கம்ப்யூட்டரே எல்லாம் செய்யும் என்றார்கள். அது பாதி உண்மை. தூக்க எதுவும் இல்லைதான், ஆனால் படிக்க வேண்டியது மலைபோல் இருந்தது. கண்ணாடி கேட்டவர்கள் கொடுத்த அளவுகளைக் கம்ப்யூட்டர் ஒரு திட்டமாகப் போட்டுத் திரையில் வரிவரியாகக் காட்டும். ஒவ்வொரு வரியையும் படித்துச் சரிபார்த்து ஒரு பொத்தானை அமுக்கினால் மேசைமேல் இருக்கும் சின்னச் சக்கரம் ஓடிக் கண்ணாடியைக் கீறும். முதல் மேசைக்காரனும் இரண்டாம் மேசைக்காரனும் பத்து வரியை ஒரே பார்வையில் விழுங்குவார்கள். நான்காம் மேசைக்காரன் அதற்குள் ஒரு கொட்டாவியும் விட்டிருப்பான். இவனோ முப்பத்தெட்டு வயதில் எழுத்து கற்றவன். ஒவ்வொரு எழுத்தாக எடுத்து, பக்கத்து எழுத்தோடு சேர்த்து, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான் பொத்தானுக்குப் போவான்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நம்ம பட்டறைக்குள்ளயும் புகுந்துருச்சு" என்றான் நான்காம் மேசைக்காரன். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது.

பெயரைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. அவன் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது வேறொன்று. எழுத்து கற்ற முதல் வருடத்தில், கையுறை கிழிந்துவிட்டது, வேறு வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி அலுவலகத்தில் கொடுத்தான். வாழ்நாளில் அவன் எழுதிய முதல் சீட்டு. மறுநாள் அது அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தது. யாரோ பிழைகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். "உன் கையுறையைவிட எழுத்துதாம்பா நிறைய கிழிஞ்சிருக்கு" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் அந்தப் பட்டறையில் அவன் ஒரு துண்டுச் சீட்டும் எழுதியதில்லை. ஓட்டைக் கையுறையோடு நான்கு மாதம் தூக்கினான்.

அந்தப் பட்டறையின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பு அவன் தங்கை. பன்னிரண்டு வயது இளையவள். அவன் தூக்கிய கண்ணாடியில்தான் அவள் படித்தாள். அதை அவனும் சொல்லிக் காட்டியதில்லை, அவளும் மறந்ததில்லை. ஆனால் பட்டறைக்குள் வந்துவிட்டால் அண்ணன் என்றும் பார்க்கமாட்டாள். நான்கு மேசைக்கும் ஒரே சட்டம்தான்.

அந்தச் சட்டத்தை வேலையில் சேர்ந்த முதல் நாளே நான்கு பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள். "உள்ள குளிர் அறையில இருக்கே, அந்தப் பெரிய பொட்டி, அது பொது. எல்லா மேசைக்கும் வேண்டிய பேக்கேஜ், அதாவது வேலையை நடத்தற புரோகிராம், அத்தனையும் அதுல ஒரே ஒரு தடவைதான் இருக்கும். அதோட சாவி என்கிட்ட. உங்க ஒவ்வொருத்தருக்கும் அதுலயே ஒரு சின்ன அறை உண்டு. அந்த அறைக்குச் சாவி உங்ககிட்ட. அதுக்குள்ள நான் எட்டிப் பாக்கமாட்டேன், அது சத்தியம். ஆனா பொதுவுல இருக்கிறதையே உங்க அறைக்குள்ள இன்னொரு தடவை கொண்டுவந்து வைக்காதீங்க."

"ஏம்மா, இடம் பத்தாதா?" என்றான் முதல் மேசைக்காரன்.

"இடம் கிடக்கட்டும். பொதுவுல ஒரு தப்பைத் திருத்தினா அது எல்லாருக்கும் திருந்தணும். நீங்க தனியா ஒண்ணு வச்சிருந்தா, நான் திருத்தினது உங்களுக்கு வராது. உங்க மேசை மட்டும் பழசையே பிடிச்சுத் தொங்கும். அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

புதிதாக எது வேண்டுமானாலும் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அண்ணன் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

மேசையில் உட்கார்ந்து ஆறு மாதம் ஆன பிறகு, ஒரு விடுமுறை நாளில், தங்கை வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டான்.

"ஏம்மா, எழுத்தைச் சத்தமாப் படிச்சுச் சொல்ற மாதிரி ஏதாவது உண்டா?"

"ரீடரா? இருக்கே. யாருக்கு?"

அவன் கதவின் தாழ்ப்பாளைத் தடவினான். தங்கைக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வாண்ணே முதல்ல. ஒரு சீட்டு எழுதிக் கொடு, பொதுவுலயே போட்டுடறேன்."

"பொதுவுல போட்டா நாலு மேசையிலயும் தெரியும். எதுக்கு இதுன்னு கேப்பானுங்க. அந்த நாலாம் மேசைக்காரன் வாய் இருக்கே, அதை மூட இன்னொரு ஷீட் வேணும்."

தங்கை சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். "சரி, உன் அறையிலயே போட்டுக்கோ. உன் அறை, உன் இஷ்டம். காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டா பாட்டுக் கேக்கறன்னு நெனச்சுக்குவாங்க." ஒரு காகிதத்தை எடுத்து, தட்ட வேண்டிய வரியைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். ஆங்கில எழுத்து. அதையும் அவன் அடையாளம் கண்டு தட்டுவான், பொருள்தான் தெரியாது. நடுவில் ஒரு சொல் மற்ற சொற்களைப்போல மூன்று மடங்கு நீளம். முன்னால் இரண்டு கோடு, உள்ளே இரண்டு கோடு. ரயில் பெட்டி போல இருந்தது. அதன் கீழே தங்கை அடிக்கோடு போட்டாள்.

"இதை விட்டுடாதண்ணே. 'பொதுவுல இருக்கிறதையும் பாத்துக்கோ, இல்லாததை மட்டும் உள்ள கொண்டு வா'ன்னு இதுக்கு அர்த்தம்."

"சரிம்மா."

"ரீடரை மட்டும்தான் புதுசாக் கொண்டு வரணும். அளவுக் கணக்குப் போடற பேக்கேஜ், திட்டம் போடற பேக்கேஜ் எல்லாம் ஏற்கெனவே பொதுவுல இருக்கு."

"சரிம்மான்னு சொன்னேனே."

மறுநாள் மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் தட்டினான். கால்மணி நேரத்தில் பாதி வரி வந்தது. அந்த நீளமான சொல்லுக்கு வந்தபோது வெளியே பேச்சுச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். இவ்வளவு நீளமாக இருக்கிறதே, கடிதத்தில் போடும் மரியாதைச் சொல் போல இதுவும் ஒரு ஒப்புக்கு இருக்கும், விட்டாலும் வேலை நடக்கும் என்று தோன்றியது. விட்டுவிட்டு மீதியைத் தட்டி அமுக்கினான். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. ஒரு தடங்கலும் இல்லை. கடைசியில் காதுக்குள் ஒரு பெண்குரல், "முதல் வரி. அகலம் அறுநூற்றுப் பத்து" என்றது.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பார்த்தாயா, அந்தச் சொல் இல்லாமலே நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நடந்ததால்தான் கெட்டது. அந்த இடத்தில் கம்ப்யூட்டர் ஒரு முறை முறைத்திருந்தால், திரும்ப ஒழுங்காகத் தட்டியிருப்பான். அது முறைக்கவில்லை. பொதுவைப் பார்க்கச் சொல்லாததால், பொது என்று ஒன்று இருப்பதையே அறியாமல், அளவுக் கணக்கு முதற்கொண்டு அத்தனையையும் இரண்டாம் முறையாக இழுத்துவந்து அவன் அறைக்குள் அடுக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் மேசை வேலை முழுவதும் அந்த அறைக்குள்ளிருந்துதான் ஓடிற்று.

இரண்டு வருடம் எந்தக் குறையும் இல்லை. அவன் வேகம் கூடியது. ஒரு வரியும் தப்பவில்லை. "ஆமை பாட்டுக் கேட்டுக்கிட்டே முயலை முந்துதுப்பா" என்றான் நெட்டை, பதிக்க வேண்டிய கண்ணாடியை எடுத்துப் போக வந்தபோது. "என்ன பாட்டுடா? எனக்கும் ஒரு காதைக் கொடேன்."

"உனக்குப் பிடிக்காத பாட்டு. போடா, வண்டி நிக்குது."

இப்படி எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். இவனும் அத்தனை முறையும் துரத்தியிருக்கிறான்.

பிறகு ஒருநாள் தங்கை பொதுவிலிருந்த அளவுக் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். அங்குலத்தில் வந்த அளவை மில்லிமீட்டருக்கு மாற்றும்போது இரண்டு மில்லிமீட்டர் கூடிப்போகிறது. அதுவரை அகலமான ரப்பர் வைத்த சட்டங்களே வந்துகொண்டிருந்ததால் அந்த இரண்டு மில்லிமீட்டரை ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. அவள் திருத்தினாள். மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"நாலு மேசையிலயும் திருத்தியாச்சா?" என்று கேட்டார் மேலாளர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இரண்டு முறை கேட்கமாட்டார்.

"பொதுவுல ஒண்ணுதாங்க இருக்கு. அதைத் திருத்தினா நாலும் திருந்தின மாதிரி. என் பொறுப்பு" என்றாள் தங்கை.

அவள் சொல்லை நம்பித்தான் அடுத்த மாதம் ஒரு பெரிய வேலையை எடுத்தார்கள். புதிய மருத்துவமனைக் கட்டடம். ரப்பருக்கு இடமே இல்லாத இறுக்கமான சட்டங்கள். அளவுகள் எல்லாம் அங்குலத்தில் வந்தன. நான்கு மேசையும் சேர்ந்து நாற்பது கண்ணாடி வெட்டின. மூன்றாம் மேசையில் பதினொன்று. ஒவ்வொரு வரியையும் அந்தக் குரல் காதுக்குள் படித்தது, அவன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அமுக்கினான். குரல் ஒரு எழுத்தும் மாற்றிப் படிக்கவில்லை. தப்பாகப் போட்ட கணக்கைச் சரியாகப் படித்தது.

கட்டடத்தில் பதித்தது நெட்டை. ஒரு கண்ணாடி சட்டத்துக்குள் இறங்க மறுத்தது. வேறு நாளாக இருந்தால் அளந்து பார்த்திருப்பான். ஆனால் கூட வந்த தாளில் 'அளவு சரிபார்க்கப்பட்டது' என்று தங்கையின் கையெழுத்து இருந்தது. சட்டத்தில் சிமெண்ட் ஏதோ ஒட்டியிருக்கும் என்று நினைத்து உள்ளங்கையை வைத்து அழுத்தினான். கண்ணாடி குறுக்கே வெடித்து மணிக்கட்டில் இறங்கியது.

நரம்பைத் தைத்தார்கள். கை தப்பியது. மூன்று விரல் இனி மடங்காது என்றார்கள்.

மருத்துவமனையில் நெட்டையைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஆமையால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. அப்போது அவனுக்கு எதுவும் தெரியாது. இருபது வருடம் மறுமுனையைப் பிடித்த கை என்ற வருத்தம் மட்டும்தான்.

மறுநாள் கட்டடத்தில் மீதிக் கண்ணாடிகளை அளந்தார்கள். பத்து பெரிதாக இருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர். உடைந்ததோடு சேர்த்துப் பதினொன்று. எந்த மேசையில் வெட்டியது என்று காட்டும் ஒட்டுக் காகிதங்களைக் கட்டடத்துக்காரர்கள் கழுவித் துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள். நாளைக் காலையில் நான்கு மேசையிலும் ஒரே அளவை வெட்டிப் பார்ப்போம் என்றார் மேலாளர்.

அன்று பிற்பகல் தங்கை மேசை மேசையாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, உன் அறையில சொந்தமா ஏதாவது வச்சிருக்கியா? ரீடரைத் தவிர?"

"இல்லம்மா. நீ எழுதிக் கொடுத்தபடிதான் தட்டினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எழுதிக் கொடுத்தபடிதான்னு சொல்றேனே."

அவள் தலையை ஆட்டிவிட்டு நான்காம் மேசைக்குப் போனாள். நினைத்திருந்தால் அந்த நிமிடமே அவன் அறையைத் திறந்து பார்த்திருக்கலாம். பொதுச் சாவி வைத்திருப்பவளுக்குத் திறக்காத கதவு எது? எட்டிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள், அதனால் பார்க்கவில்லை.

அவள் போன பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய காகிதத்தை எடுத்தான். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனான். அடிக்கோடு போட்ட அந்த ரயில் பெட்டிக்கு வந்ததும் விரல் நின்றது.

தன் அறையைத் திறந்து, அதற்குள் இருப்பதைப் படிக்கச் சொன்னான். காதில் அந்தப் பெண்குரல், ஒரு உணர்ச்சியும் இல்லாமல், ஒன்று ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. ரீடர். அதன் குரல். அத்தோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. திட்டம் போடும் பேக்கேஜ். தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. அளவுக் கணக்குப் பேக்கேஜ். தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. குரல் இன்னும் சொல்லிக்கொண்டே போனது. அவன் காதிலிருந்து அதைப் பிடுங்கி மேசைமேல் போட்டான். அங்கேயும் அது மெல்லிசாகப் பேசிக்கொண்டிருந்தது.

எழுந்து நான்கு அடி வைத்தால் தங்கை. சொல்ல வேண்டியது ஒரு வரிதான். ஆனால் அந்த வரியைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எதற்கு ரீடர்? ஏன் சீட்டு எழுதவில்லை? பலகையில் குத்தியிருந்த அந்தச் சீட்டும் சிவப்பு வட்டங்களும் கண்முன் வந்து நின்றன. நெட்டையின் கட்டுப் போட்ட கையும் வந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. முதலில் இதைச் சரிசெய்துவிடலாம், நாளைக்குத் தங்கையிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டான்.

அறையை முழுவதும் அழித்தான். காகிதத்தைப் பார்த்து மறுபடி தட்டினான். இந்த முறை அந்த நீளமான சொல்லையும் தட்டினான். அதற்கு எட்டு நிமிடம் ஆயிற்று. ரீடர் மட்டும் உள்ளே வந்தது. மற்றதெல்லாம் பொதுவிலிருந்து வந்தன.

மறுநாள் காலை மேலாளர் கையில் அளவு நாடாவோடு நின்றார். முதல் மேசை சரியாக வெட்டியது. இரண்டாம் மேசையும் சரி. மூன்றாம் மேசைக் கண்ணாடிமேல் நாடாவை வைத்தார். ஒரு மயிரிழை கூடவில்லை. நான்காவதும் அப்படியே.

மேலாளர் நாடாவைச் சுருட்டினார். "இன்னைக்கு வெட்டினா நாலும் சரியா வருது. அன்னைக்குப் பதினொண்ணு தப்பா வந்திருக்கு. அப்போ என்ன அர்த்தம்மா? நீ அன்னைக்குத் திருத்தலை. ஆள் கை அறுந்த பிறகுதான் திருத்தியிருக்க."

"இல்லைங்க. ஆறு வாரத்துக்கு முன்னாடியே திருத்திட்டேன். தேதியோட இருக்கு, வந்து பாருங்க."

"தேதியை எழுதறதும் நீ, பொட்டியை வச்சிருக்கிறதும் நீ. நான் எதைப் பாக்கிறது? திருத்த மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட மனுஷன் மறக்கறதுதான்னு விட்டிருப்பேன். பொய் சொல்றியே, அதுதான் எனக்கு ஆகலை."

தங்கை நான்கு மேசைக்காரர்களையும் பார்த்தாள். மூன்றாவது முகத்தில் அவள் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. ஆமை கண்ணாடியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். நன்றாகக் கூராக இருந்தது.

அன்றும் அவன் தனியாகச் சொல்லவில்லை. மறுநாள் அவள் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தாள். மூன்றாம் நாள் சொல்லிவிடுவது என்று டீ நேரத்தில் குளிர் அறை வரைக்கும் போனான். கதவு திறந்திருந்தது. அவள் சாவிகளையும் கடவுச்சொல் எழுதிய தாளையும் மேலாளரிடம் கொடுத்துவிட்டு, தானே விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனான்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனான். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான். தங்கை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா" என்றான்.

"தெரியும்ணே."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒவ்வொரு நாள் காலையிலயும் யார் அறை எவ்வளவு இடத்தைப் பிடிச்சிருக்குன்னு ஒரு பட்டியல் எனக்குத் தானா வரும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, கனம் மட்டும் தெரியும். உன் அறை ரெண்டு வருஷமாக் கொஞ்சம் பெருசாத்தான் இருந்துச்சு. குரல் கோப்பு பெருசா இருக்கும்னு நான்தான் விட்டுட்டேன். வெட்டிப் பாத்தாங்களே, அன்னைக்குக் காலையில பட்டியலைப் பாக்கறேன், உன் அறை ஒரே நாள்ல பாதிக்கு மேல இளைச்சுப் போயிருக்கு."

"அன்னைக்கே தெரியுமா? அப்போ அவர் கேக்கும்போது நீயே சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? அழிச்சதை எடுத்துக் காட்ட முடியுமா? எங்கண்ணன் மேல சந்தேகம்னு சொல்லவா?" மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். "மூணு நாள் பாத்தேன்ணே. நீயா வருவேன்னு நெனச்சேன். மூணாவது நாள் கதவைத் திறந்தே வச்சிருந்தேன்."

வெளியே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றாள். "அந்த ஒரு சொல்லை ஏன் விட்ட? அடிக்கோடெல்லாம் போட்டுக் கொடுத்தேனே."

"நீளமா இருந்துச்சும்மா."

அவள் ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி திரும்ப, கையிலிருந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"மேலாளர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன். நீ திரும்பி வந்துடு" என்றான்.

"நான் வேற இடத்துல சேந்துட்டேன். இனி அங்க வரமாட்டேன். எனக்காக எழுதாத. நெட்டையண்ணன் என் கையெழுத்தை நம்பித்தான் கையை வச்சாரு. எதுனால போச்சுன்னு அவருக்குத் தெரியணும், அதுக்கு எழுது."

எழுத இரண்டு நாள் டீ நேரம் போயிற்று. யாரையும் கேட்டு எழுதவில்லை. தனக்கு வேகமாகப் படிக்க வராது, அதற்காக ஒரு ரீடரை வைத்துக்கொண்டேன், தங்கை சொன்ன ஒரு சொல்லை விட்டதால் பழைய கணக்கு என் அறையிலேயே தங்கிவிட்டது, பதினொரு கண்ணாடியும் என் மேசையில் வெட்டியவை, தெரிந்த பிறகு அழித்தவனும் நான்தான் என்று எழுதினான். ஒரு படி மேலாளருக்குக் கொடுத்தான். இன்னொன்றைத் தானே கொண்டுபோய் அறிவிப்புப் பலகையில் குத்தினான். பழைய ஊசி ஓட்டைகள் நிறைய இருந்தன, புதிதாக ஒன்று போட வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் படித்துவிட்டுத் தாளை மடித்தார். "அந்தப் பொண்ணைப் பொய் சொல்றேன்னுட்டேனே" என்று மட்டும் சொன்னார். இவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, மேசையிலிருந்து எடுத்து ஷீட்களைத் துடைக்கிற இடத்தில் போட்டார். அனுப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும். நான்காம் மேசைக்காரன் பலகைமுன் நின்று படித்தான். வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு மேசைக்குத் திரும்பிப் போனான்.

வார முடிவில் நெட்டை வந்தான், மருத்துவச் சான்றில் கையெழுத்து வாங்க. வலது கை இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பலகைமுன் நின்றவன் நகரவில்லை. ஆமை அழுக்குத் துணியோடு பத்தடி தள்ளி நின்றான். அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

நெட்டை இரண்டு முறை படித்தான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"காதுல இருந்தது பாட்டு இல்லையாடா?"

"இல்ல."

"ரெண்டு வருஷமா?"

"ம்."

நெட்டை இடது கையால் காகிதத்தின் ஓரத்தை நீவினான். அது சரியாகக் குத்தப்படாமல் சுருண்டுகொண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்டா" என்றான். "தினம் காலையில கண்ணாடி ஏத்த இங்கதான் வந்து நிக்கறேன். வண்டி ரெடியாகிற வரைக்கும் சும்மாத்தான் நிக்கறேன். நான் படிச்சுக் காட்டியிருப்பேனே."

சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போனான். உள்ளே இடது கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தவனுக்காக மேலாளர் காத்திருப்பது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. நெட்டை ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக, எழுதிக்கொண்டிருந்தான்.

ஆமை துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தான். துடைக்க வேண்டிய ஷீட் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைத் திருப்பி வைத்தால்தான் பின்பக்கம் துடைக்க முடியும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு யாராவது வருவார்களா என்று நின்றான்.